ராத்திரி ரெண்டரைக்கு எனக்கு யார் முதலாளி?

"உனக்குக் கறாராப் பேசத் தெரியல. அதான் தலைமேல ஏறி உக்கார்றாங்க." இதைச் சொல்லாத ஆள் இல்லை. வீட்டுக்காரர் சொல்கிறார். ஆன்லைனில் பாடம் எடுக்கும் அக்காமார் சொல்கிறார்கள், அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொள்கிறார்கள். இதே வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, அவளும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்திருந்துகொண்டே, எனக்கு இதை டைப் பண்ணி அனுப்புகிறாள். ஒருத்தன் கேட்காமல் வாசப்படி தாண்டி அடுப்பங்கரை வரைக்கும் வந்து நின்றால், வந்தவனைக் கேட்க வேண்டாமா? ஏன் தாழ்ப்பாள் போடவில்லை என்று என்னையேவா எல்லாரும் கேட்பீர்கள்?

நான் பார்ப்பது வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை. சுருக்கமாக வி.ஏ. ஊரில் சிலர் அதை வி.ஏ.ஓ. ஆபீஸ் வேலை என்று நினைத்து வருமானச் சான்றிதழ் கேட்டு வந்ததுண்டு. ராயப்பன்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, டெக்சாசில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஒருவருடைய மெயில்களைப் பிரித்து அடுக்குகிறேன். அவர் யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைக்கிறேன். சிட்னியில் யோகா வகுப்பு நடத்தும் ஒரு அம்மாவுக்கு, யார் பணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற கணக்கும் இன்ஸ்டாகிராம் பதிவும் என் பொறுப்பு. சென்னையில் ஆன்லைனில் சேலை விற்கிற ஒருவருக்கு ஆர்டர்களைப் பதிவதும், சாயம் போன சேலைக்காக வாடிக்கையாளர் திட்டுவதை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் பதில் எழுதுவதும் நான்தான். உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறிப்போய் பி.காம் படித்ததும், டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியதும் வீண் போகவில்லை என்று அப்பாவுக்குச் சந்தோஷம். சண்முகாநதி அணைப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட வீட்டில், டாலரில் சம்பாதிக்கிற மருமகள் என்றால் சும்மாவா.

அந்த டாலரின் கதையைச் சொல்கிறேன்.

டெக்சாசுக்கும் நமக்கும் அவர்கள் கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7:30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து எனக்கு 8:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி பழையபடி. அமெரிக்காக்காரன் கடிகாரத்தைத் திருகினால் ராயப்பன்பட்டியில் என் பிள்ளைக்குச் சோறூட்டுகிற நேரம் மாறும். அது வேலையின் லட்சணம், தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். பேசி முடித்தது நாலு மணி நேரம், 7:30 முதல் 11:30 வரை, சனி ஞாயிறு கிடையாது. ஆனால் அந்த மனிதருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மூளை ஓடும்போல. அவருடைய சாயங்காலம் நாலு மணி, எனக்கு விடியற்காலை 2:30. அப்போதுதான் வரும், "ஒரே ஒரு சின்னக் கேள்வி". போன வாரம் அனுப்பிய ஒப்பந்தத்தின் நகல் எங்கே? வியாழக்கிழமை வருகிறவர் பெயர் என்ன? எல்லாம் அவருடைய டிரைவ் ஃபோல்டரில் பெயர் போட்டு இருக்கிறது. தேட அலுப்பு, நான் இருக்கிறேன்.

பதில் போடாவிட்டால் "ஹலோ?" என்று வரும். அதற்கப்புறம் வெறும் கேள்விக்குறி. அதற்கும் அப்புறம், "எல்லாம் நலம்தானே? உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது." கவலையாம்! இங்கே என்ன மணி என்று பார்க்காத கவலை.

அவருடைய ஐந்து மணி நமக்கு மூன்றரை. அதே நேரம் சிட்னியில் காலை எட்டு. டெக்சாஸ் கடையைச் சாத்தும்போது சிட்னி கடையைத் திறக்கிறது. யோகா அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு காலை 10 முதல் 12 வரைதான். அவரோ பல் தேய்க்கும்போதே குரல் பதிவு அனுப்புவார். மனதை எப்படி அமைதியாக வைத்துக்கொள்வது என்று ஊருக்குப் பாடம் எடுக்கிற அம்மா அவர். அந்தப் பாடத்துக்கான அட்டையை விடிகாலை மூன்றரைக்குக் கண்ணெரிய நான் வடிவமைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே நான் யார் என்று எழுதியிருக்கிறது. சுயேச்சை ஒப்பந்ததாரர். ஆகவே பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, சம்பளத்தோடு லீவு கிடையாது, பிள்ளை பெற்றால் விடுப்பு கிடையாது. நெட், லேப்டாப், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் என் செலவு. துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்டை நிறுத்தினால் அதுவும் என் பாடு. சரி. சுயேச்சை என்றால் சுயேச்சையாக விடுங்களேன்! எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும், எத்தனை நிமிடத்தில் பதில் போட வேண்டும், எந்தச் செயலியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று ஏன் உத்தரவு போடுகிறீர்கள்? கொடுக்க வேண்டியது என்று வரும்போது நான் மூன்றாம் மனுஷி. ஏவ வேண்டியது என்று வரும்போது வீட்டு வேலைக்காரி.

வேலை பிடித்துத் தந்த தளத்தின் செயலி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் என் திரையைப் படம் பிடிக்கிறது. கீபோர்டை எத்தனை தரம் தட்டினேன், மவுசை எத்தனை தரம் நகர்த்தினேன் என்று எண்ணுகிறது. பிள்ளை அழுகிறான் என்று எழுந்து போனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஓட்டை விழும், கூலி குறையும். ஆனால் ரெண்டரை மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டே செல்போனில் நான் செய்து கொடுக்கிற வேலையை எந்தச் செயலியும் எண்ணுவதில்லை. அது நட்பு. அது உதவி. அது "நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேனோ!"

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் ஜீப் வரும். தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறுவார்கள். மலைமேல் அட்டைக்கடி, மழை, குளிர். பொழுதோடு இறங்குகிற ஜீப் வளைவில் உருண்டு செத்துப்போனவர்கள் உண்டு. அவர்கள் என்னைப் பார்த்து "ஃபேனுக்கடியில உக்காந்து பாக்குற வேல" என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன், உண்மைதான். என் மாமியாரும் பல வருஷம் அந்த ஜீப்பில் போனவர். ஆனால் சாயங்காலம் ஜீப் கிளம்பினால் அன்றைய வேலை முடிந்தது. "ரெண்டு செடியில காய் நிக்குது, வந்து எடுத்துட்டுப் போ" என்று எந்தத் தோட்டக்காரரும் நடுராத்திரி ஜீப் அனுப்பி அத்தையைக் கூப்பிட்டதில்லை. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏத்தா, தூங்கக் கூடாதுன்னும் சேத்து எழுதி வாங்கிருக்கானா அவன்?"

எழுதி வாங்கவில்லை அத்தை. எழுதாததைத்தான் எல்லாம் வாங்குகிறான்.

மெயிலும் காலண்டரும் பில்லும் பார்க்க என்று வேலைக்கு எடுத்தார் டெக்சாஸ்காரர். முதல் மாதம் அப்படியே போனது. அப்புறம் அவர் நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு நாலு வரி எழுதச் சொன்னார், எழுதினேன். அப்புறம் அது தினமும் ஆனது. அப்புறம் அவர் மனைவி பிறந்த நாளுக்கு கேக் ஆர்டர். அப்புறம் மகள் காலேஜுக்கு விண்ணப்பிக்க எழுதிய கட்டுரையில் பிழை திருத்தம். பிழை திருத்தம் என்றுதான் வந்தது, கோப்பைத் திறந்தால் மூன்று வரிதான் இருந்தது. அப்புறம் டெலிபோன் கம்பெனிக்காரனிடம் அவர் பேசுவதுபோல அரட்டையில் நான் சண்டை போட வேண்டும், அதற்கு அவருடைய பாஸ்வேர்டு, பிறந்த தேதி, கார்டின் கடைசி நாலு எண் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். நாளைக்கு அந்தக் கார்டில் எவனாவது கை வைத்தால் முதல் சந்தேகம் யார் மேல்? ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற இந்தியப் பெண் மேல்தானே. கூலி மட்டும் முதல் நாள் பேசிய அதே மணிக்கு நாலு டாலர். அதிலும் தளத்துக்குக் கமிஷன், டாலரை ரூபாயாக்குகிறவனுக்கு ஒரு கிள்ளு.

வெள்ளைக்காரனாவது பரவாயில்லை, மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். நம்ம சென்னைக்காரர் கதை வேறு. முதல் பேச்சிலேயே, "தேனிப் பக்கமாம்மா? எங்க அம்மா ஊர் போடி. அப்ப நீ என் தங்கச்சி" என்றார். முடிந்தது. தங்கச்சியிடம் ஒப்பந்தம் எழுதுவார்களா? அட்வான்ஸ் கேட்டால் அண்ணன் மனசு நோகாதா? "எழுத்துல எதுக்குமா, நமக்குள்ள" என்றார். ஆடித் தள்ளுபடி சமயம் ராத்திரி பதினொன்றரைக்கு போன். "முழிச்சுதானே இருப்ப, அமெரிக்காக்காரனுக்கு வேல செய்ற, நம்ம ஆளுக்குச் செய்ய மாட்டியா?" இதற்கு என்ன பதில் சொல்வது? வேலை சொல்லும்போது அண்ணன், பில் அனுப்பினால் "அக்கவுண்ட்ஸ்ல பேசிக்கமா". இந்தத் தொழிலில் ஆங்கிலத்தில் மறுப்பது எளிது. "இது பேசிய வேலையில் வராது" என்று ஒரு வரி எழுதிவிடலாம். தமிழில் அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு அதே வாயால் "அதுக்குத் தனி காசு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதை அவரும் தெரிந்துதான் தங்கச்சி என்றார்.

வயிற்றெரிச்சல் ஒன்று சொல்கிறேன். யோகா அம்மா வெறும் யோகா அம்மா இல்லை, பகலில் ஒரு ஆபீசிலும் வேலை பார்க்கிறார். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வேலை நேரம் முடிந்த பிறகு முதலாளி கூப்பிட்டால் தொழிலாளி எடுக்க வேண்டியதில்லை, மெசேஜைப் படிக்கவும் வேண்டியதில்லை, மறுப்பதில் நியாயமே இல்லை என்றால் ஒழிய. பிரான்சில் 2017லேயே இதுபோல் வந்துவிட்டது. "இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு மேல் என் மேனேஜர் போனை நான் எடுப்பதே இல்லை, அப்பாடா!" என்று அந்த அம்மா எனக்குச் சந்தோஷமாகக் குரல் பதிவு அனுப்பினார். அது வந்தபோது ராயப்பன்பட்டியில் கோழி கூவவில்லை.

இங்கே? எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் இதையே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. 2025 டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தார். இதற்கு நடுவில் நம் பெரிய மனிதர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! இன்போசிஸ் நாராயணமூர்த்தி 2023இல் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டு, வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 2025 ஜனவரியில் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஐயா, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒருத்தி கறி கழுவுவாள், ஒருத்தி துணி துவைப்பாள், அதற்கு நடுவில் டெக்சாஸிலிருந்து "சின்னக் கேள்வி" வரும்.

2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே 1 அன்று, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேரம் என்று சொன்னால் இந்த மண்ணில் இன்னும் ஆள் திரளும், அது நல்லது. ஆனால் எனக்காக யார் திரளுவார்? எந்த ஆலை வாசலில்? என் ஆலை வாசல் எங்கள் படுக்கையறை. சங்கம் வைக்கலாம் என்றால் என்னைப்போல் வேலை செய்கிறவர்கள் சின்னமனூரில் ஒருத்தி, கூடலூரில் ஒருத்தி, பிலிப்பைன்ஸில் லட்சம் பேர். நான் மணிக்கு ஐந்து டாலர் கேட்டால் அவர்களில் ஒருத்தி நாலுக்கு வருவாள். அவள் ஐந்து கேட்டால் நான் போவேன். இதை வைத்துக்கொண்டுதானே எங்களிடம் விளையாடுகிறீர்கள்?

செயலி வழியாக வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023இல் நல வாரியம் அமைத்தார்கள். மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சாப்பாடு கொண்டு போகும் தம்பிகளுக்கு அது வேண்டியதுதான். எனக்கு ஸ்கூட்டர் எதற்கு? மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதில் கிக் தொழிலாளி என்ற சொல் இருக்கிறது. ஆனால் அவள் எத்தனை மணிக்குத் தூங்கலாம் என்று இல்லை.

வீட்டிலிருந்து செய்கிற வேலைக்குச் சட்டம் போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிற பெண்களையும் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. இலையும் தூளும் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துச் சுற்றச் சொன்னால், கொடுத்தவன் முதலாளி, சுற்றுகிறவள் தொழிலாளி. தரமில்லை என்று பீடியைக் கழிப்பதற்குக்கூட விதிகளில் வரம்பு வைத்தார்கள். அந்தச் சட்டம் முழுசாக நடந்ததா என்றால் அந்தப் பெண்களைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் எழுத்திலாவது இருந்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவர்களுக்கென்று 177ஆம் உடன்படிக்கையே கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. எனக்கு இலைக்குப் பதில் மெயில், தூளுக்குப் பதில் பாஸ்வேர்டு. வேறென்ன வித்தியாசம்?

வீட்டைப் பற்றியும் சொல்லாவிட்டால் பாதி பொய். "வீட்லதானே இருக்க" என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியவில்லை. வீட்டில்தானே இருக்க, சிலிண்டர் வரும், வாங்கி வை. வீட்டில்தானே இருக்க, ரேஷன்ல சீனி போடுறாங்களாம். பந்தலுக்கு மருந்தடிக்க ஆள் வந்திருக்கு, டீ போட்டுக் குடுத்துரு. ராத்திரி முழித்த கண்ணோடு பகலில் கொஞ்சம் சாய்ந்தால் சொந்தக்காரர்கள், "மதினி நல்லாத் தூங்குறாக போல" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். மலைக்குப் போய் வந்தவள் படுத்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், அவள் உழைத்ததை ஊரே பார்க்கிறது. என் உழைப்பு மூடிய கதவுக்குப் பின்னால், ஹெட்போனுக்குள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணம்தான், இவள் சும்மா இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள்.

இந்த ஆகஸ்ட் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு என்று ஒரு மாதம் முன்னாலேயே மூன்று பேருக்கும் எழுதியிருந்தேன். காலண்டரிலும் போட்டேன். தேர் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற நேரம் டெக்சாஸ்காரர் வீடியோ காலில் வருகிறார். எடுக்கவில்லை. மறுநாள் மெயில் வந்தது: என்னுடைய "ஈடுபாடு" குறைந்துவிட்டதாம். அதோடு தளத்தில் எனக்குப் போடுகிற மதிப்பெண்ணில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறாராம். அந்த நட்சத்திரம்தான் அடுத்த வேலைக்கு என் முகம். அதைப் பிடித்துக்கொண்டுதான் மிரட்டுகிறார்.

கறாராக இரு என்றீர்களே, இதோ இருக்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பிவிட்டேன். சென்னைக்காரருக்குத் தமிழில்.

என் வேலை நேரம் இந்திய நேரத்தில் எழுதியிருக்கிறது, பக்கத்தில் உங்கள் ஊர் நேரமும் போட்டிருக்கிறேன், கடிகாரம் மாறும் தேதியோடு. அதற்கு வெளியே வருவதற்கு அடுத்த வேலை நாளில் பதில். மெயிலில் மட்டும். வாட்ஸ்அப் என் வீட்டு எண், அதில் என் பிள்ளையின் பள்ளிக்கூட குரூப் இருக்கிறது, நீங்கள் இனி இல்லை. அவசரம் என்றால் எது அவசரம் என்று முன்கூட்டியே எழுதுங்கள், அவசர நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. பேசிய வேலைகளின் பட்டியல் இணைத்திருக்கிறேன், அதில் கேக் இல்லை, மகளின் கட்டுரை இல்லை. வேண்டுமானால் தனி விலை சொல்கிறேன், கட்டுரையை மட்டும் எந்த விலைக்கும் எழுத மாட்டேன், அது உங்கள் பெண் எழுத வேண்டியது. பாஸ்வேர்டை அதற்கென்று இருக்கும் பெட்டகச் செயலி வழியாகத் தாருங்கள், கார்டு எண்ணை எனக்குச் சொல்லவே வேண்டாம். மாதப் பணம் மாதம் பிறக்குமுன். பொங்கல், கிறிஸ்துமஸ், மாதா திருவிழா, மூன்றும் எனக்கு லீவு. என்னை நிறுத்துவதானால் இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள், நானும் சொல்வேன்.

யோகா அம்மா ஒரு நாள் கழித்து, "நியாயம்தான், மன்னித்துக்கொள்" என்று எழுதினார். பார்க்கலாம். டெக்சாஸ்காரர் பார்த்துவிட்டார், பதில் இல்லை. நாளைக்கே வேறு ஆள் பிடித்துவிட்டார் என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அந்தப் பணத்தில்தான் பிள்ளை ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதால் ரெண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னை அண்ணன் மட்டும் உடனே கூப்பிட்டார். "என்னமா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி அனுப்பிருக்க? அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் அண்ணே. ஜூன் பில்லும் ஜூலை பில்லும் இன்னும் வரவில்லை. முதலில் அதை அனுப்புங்கள்.